பேஸ் இமேஜை சரிசெய்தாச்சு... அப்புறம்?

கம்பைநல்லூரில் வீட்டிலிருந்தபடி பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவரோ, தரமணி ஆபீஸுக்குப் போய் வருபவரோ, டாக்கர்ஃபைலை ஆரம்பிப்பது ஒரே மாதிரிதான்: வேறு யாரோ செய்துவைத்த பேஸ் இமேஜை அழைக்கும் வரி. லினக்ஸின் அடிப்படைக் கோப்புகள் அதில் வந்துவிடும். நம் புரோகிராமை அதன்மேல் அடுக்கினால் கண்டெய்னர் இமேஜ் ரெடி. சௌகரியம்தான். அடியில் ஓட்டை இருந்தால் அதுவும் கூடவே வரும்.

ஆல்பைன் லினக்ஸில் அதுதான் நடந்தது. 2015 டிசம்பரிலிருந்து வந்த அதன் அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜ்களில் ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே இல்லை. இதில் கூத்து என்னவென்றால், அதே குறை அதற்குச் சற்று முன்புதான் சரிசெய்யப்பட்டிருந்தது. தவறுதலாகத் திரும்ப நுழைந்துவிட்டது. சிஸ்கோவின் டாலோஸ் குழு அதை வெளியிட்டது 2019 மே மாதத்தில். கூடுதலாகச் சில பேக்கேஜ்கள் இருந்தால்தான் ஆபத்து என்பது உண்மை. ஆனால் நம் இமேஜில் அவற்றை யார், எப்போது போட்டார்கள் என்று எத்தனை டீமுக்குத் தெரியும்?

ஆல்பைன் திருத்திய இமேஜைக் கொடுத்துவிட்டது. ஆனால் மாவில் உப்பைச் சரிசெய்தால் சுட்ட தோசை மாறுமா? ஏற்கெனவே பில்ட் ஆன இமேஜ்கள் அப்படியேதான் இருக்கும். கண்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய இமேஜ்தான் ஓடும். ஒவ்வொன்றையும் மறுபடி பில்ட் செய்து, மறுபடி டெப்ளாய் செய்யணும்.

இங்கேதான் நம்ம டீம்கள் கோட்டை விடுகின்றன. கம்பெனிக்கென்று ஒரு பொது பேஸ் இமேஜ், அதை நம்பி 40 சர்வீஸ்கள். பேஸ் மாறினால் யாருக்குச் சொல்வது என்று கேட்டால் பதில் இருக்காது. ‘லேட்டஸ்ட்’ டேக் போட்டால் நேற்று ஓடியது இன்று ஏன் உடைந்தது என்று தெரியாது. டைஜஸ்ட்டால் பூட்டினால் பாதுகாப்புத் திருத்தமும் உள்ளே வராது. பூட்டுவதுதான் சரி, ஆனால் ரெனோவேட், டிபெண்டபாட் மாதிரி ஒரு கருவி புது டைஜஸ்ட்டைக் கொண்டுவந்து நீட்டணும், டெஸ்ட் ஓடணும், பிறகே மாறணும்.

மாதம் ஒருமுறை ராத்திரி உட்கார்ந்து கையால் ரீபில்ட் செய்வதை நிர்வாகம் என்று சொல்ல முடியாது. பேஸ் மாறியதும் அதை நம்பிய இமேஜ்களின் பில்ட் தானாகக் கிளம்பணும். எந்த இமேஜ் எந்த பேஸின் மேல் நிற்கிறது என்ற பட்டியலும் கையில் வேண்டும். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. பட்டியலைத் தேடவே பாதி நேரம் போய்விட்டால், மிச்சம் 3 மணி நேரம்தான்.