கேம்பிரிட்ஜ் பெருமை பேசுவோருக்கு

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கேம்பிரிட்ஜ் மாணவர் நினைவுகளை நானும் விரும்பிப் படிப்பவன்தான். இருட்டடிப்பு, ரேஷன், கல்லூரிக் கூரைமேல் தீக்காவல் எல்லாம் சுவையாக இருக்கும். நண்பர்கள் அதைச் சிலாகிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

அதே தேர்வை எழுதித் தேறிய பெண்களுக்கு அங்கே பெயரளவுப் பட்டம்தான். ஜோன் கிளார்க் கணிதத்தில் முதல் வகுப்பு. ஜெர்மன் கடற்படையின் ரகசியக் குறியீட்டை உடைத்த பிளெச்லி பார்க் குழுவில் ஒருவர். நாட்டைக் காக்க அவர் மூளை வேண்டும். முழுப் பட்டம் மட்டும் கிடையாதாம்!

1948இல்தான் கேம்பிரிட்ஜ் மனம் இறங்கியது. நம் சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி 1912இலேயே மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார்.

இனி யாராவது "அந்தக் காலக் கேம்பிரிட்ஜ் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விட்டால், "யாருக்கு?" என்று கேளுங்கள்.