‘பழக்கத்தை மாத்து’ என்கிறவர்களுக்கு

சேரியை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொற்களிலேயே பார்வைக்கு மிகச் சாதுவான சொல் ‘பழக்கம்’. ‘அவங்க பழக்கமே அப்படித்தாங்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஏன் ஊருக்கு வெளியே கிடக்கிறோம், ஏன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்கவில்லை, ஏன் கடன் தீரவில்லை, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு பதில்தான். இப்போது அதே சொல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சர்க்கரை ஏறினால் பழக்கம். ரத்தக் கொதிப்பா, பழக்கம். உடம்பு பருத்தால் பழக்கம். கல்லீரல் வீங்கினால் சொல்லவே வேண்டாம்.

நோயே இல்லை என்று சொல்ல வரவில்லை. நோய் நிஜம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்று அது கணக்குச் சொன்னது. ‘பணக்கார வியாதி’ என்று நம் பெரியவர்கள் சொன்ன காலம் மலையேறிவிட்டது. எந்தச் சேரிக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கால் விரல் எடுத்தவர், முழங்காலோடு எடுத்தவர், கண் மங்கித் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

என் கேள்வி வேறு. இந்தப் பழக்கங்களை நமக்குப் பழக்கியது யார்? மாட்டை ஏருக்குப் பழக்கியவனை விட்டுவிட்டு மாட்டின் குணத்தைப் பேசிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

என் அத்தை ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து ஐந்தரைக்கெல்லாம் வருகைப் பதிவுக்கு நிற்கவேண்டும். வெறும் வயிற்றோடுதான் கிளம்புவார். சாப்பிட்டுவிட்டுப் போனால் நடுவில் ஒதுங்குவதற்கு இடமில்லை. ஏழு மணிக்கு ஒரு டீ. ஒன்பதுக்கு ஒரு டீ, ஒரு வடை. பதினொன்றுக்கு இன்னொரு டீ. மத்தியானம் ரெண்டு மணிக்கு வீடு திரும்பி, அகோரப் பசியில் ஒரு வட்டில் நிறையச் சோறு. அவருக்குச் சர்க்கரை வந்தபோது மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள்: ‘தினமும் நடக்கணும்மா. நேரத்துக்குச் சாப்பிடணும். கவலைப்படக் கூடாது.’ அத்தை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘ஏய்யா, நான் நடக்கிற நடைக்கு இந்நேரம் மெட்ராசுக்கே போயிட்டு வந்திருப்பேன். நேரத்துக்குச் சாப்பிடணும்னா மேஸ்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்லு.’

அத்தை சொன்னதுதான் சரியான வைத்தியம். அந்த மருந்துச் சீட்டு ஒப்பந்தக்காரர் பேருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டீயையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிளாசுக்கு ரெண்டு கரண்டி சர்க்கரை, சுமாராகப் பத்து கிராம். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்தால் ஐம்பது கிராம். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு இதற்கு மேல் கூடாது, பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லையே கிட்டத்தட்ட அந்த ஐம்பது கிராம்தான். நம் ஆட்கள் ருசிக்காக ஐந்து டீ குடிக்கவில்லை. ரெண்டு இட்லி வாங்குகிற காசில் பாதிக்கு டீ கிடைக்கிறது, நின்றுகொண்டே குடிக்கலாம், ரெண்டு மணி நேரம் பசி தெரியாது. டீ அங்கே சாப்பாட்டுக்குப் பதிலி. இரட்டைக் குவளைக்கு எதிராக அடிபட்டு, வழக்கு வாங்கி, சிறைக்குப் போய் நாம் மீட்ட கிளாஸ் அது. அந்தக் கிளாசுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியும் இனி நாம்தான் பேசவேண்டும்.

அடுத்தது சோறு. 2011இலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ‘இலவச அரிசி தின்னு சோம்பேறி ஆயிட்டானுங்க’ என்று எவன் சொன்னாலும் அவன் வாயை அடைப்போம். ஆண்டையின் களத்துமேட்டில் நெல்லுக்காகக் கைகட்டி நின்ற நிலையிலிருந்து நம்மைக் கொஞ்சமாவது விடுவித்தது அந்த அரிசி. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு தருகிறார்கள், விலை 30 ரூபாய். நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் வருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்குச் சொல்கிற பருப்பு, பயறு அளவு 85 கிராம். மீதி 77 கிராமை எங்கே போய் வாங்குவது? கடையில் பருப்பு விற்கிற விலையில் கூலிக்காரன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வரமுடியும். எனவே மூன்று வேளையும் சோறு, அதன்மேல் தண்ணியாய் ஒரு குழம்பு. வயிறு நிறைகிறது. தசைக்குப் போகவேண்டியது போகவில்லை. மிஞ்சிய மாவுச்சத்து இடுப்பைச் சுற்றிக் கொழுப்பாக உட்கார்ந்துகொள்கிறது.

கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கிற உடம்பை நம் தெருக்களில் நிறையப் பார்க்கிறோம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். தாய் அரைவயிற்றோடு சுமந்த பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. அப்படிப் பிறக்கும்போதே அதன் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு ஒப்பளவில் அதிகம். பஞ்சத்துக்குத் தயாராகப் பிறந்த அந்த உடம்புக்குப் பின்னாளில் சோறும் சர்க்கரையும் தாராளமாக வரும்போது தாங்குகிற சக்தி இல்லை. நீரிழிவு சீக்கிரமாக வருகிறது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. நடவு வயலில் பட்டினியோடு குனிந்து நின்ற ஒரு பாட்டியின் வயிறு, இன்று கல்லூரிக்குப் போகிற பேரனின் ரத்தச் சர்க்கரையில் கணக்குத் தீர்க்கிறது. இதை ‘உன் பழக்கம்’ என்று அந்தப் பையனிடம் சொல்வது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

மலிவாகக் கிடைத்த நல்ல சத்து ஒன்று நம் கையில் இருந்தது. மாட்டுக்கறி. புரதமும் இரும்புச் சத்தும் சேர்ந்த உணவு. அதைத் தின்றால் கேவலம் என்று சொல்லிச் சொல்லி, இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளே டிபன் பாக்ஸை மூடி மூடிச் சாப்பிடுகிறார்கள். கறியை வெட்கப்பட்டு விட்ட வீட்டில் அந்த இடத்துக்கு என்ன வந்தது? அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட். சாதி நம் தட்டிலிருந்து எதை எடுத்தது, கம்பெனி அதே தட்டில் எதை வைத்தது என்று பார்த்தால் பாதி வியாதிக்குக் காரணம் தெரிந்துவிடும்.

விடுதி மாணவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2023இல்தான் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதிகளின் உணவுப் படியை மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் நாளைக்கு ஐம்பது ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து. அந்த ஐம்பது ரூபாய்க்கு என்ன போடமுடியுமோ அதுதான் நம் மாணவர்களின் ‘உணவுப் பழக்கம்’.

இனி குடிக்கு வருவோம். இதைப் பேசாமல் தப்பிக்க முடியாது.

நம் மக்களுக்குக் குடி, கூலியின் ஒரு பகுதியாக வந்தது. சாவுக்குப் பறையடிக்கப் போனால் காசோடு சாராயம். பிணம் எரிக்கப் போனாலும் சாராயம். மலக்குழிக்குள் இறங்கச் சொல்கிறவனே முதலில் ஒரு குவார்ட்டரை வாங்கிக் கையில் கொடுக்கிறான். ஏனென்றால் புத்தி தெளிவாக இருக்கிற எந்த மனிதனும் அந்தக் குழிக்குள் இறங்கமாட்டான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறக்கியவனுக்குத் தண்டனை கிடைத்தது அபூர்வம். இறங்கியவனுக்கு மட்டும் ‘குடிகாரன்’ என்று பட்டம். வேலை குடிக்க வைக்கிறது, பிறகு குடி அந்த வேலையை விட்டு நகரமுடியாமல் கட்டிப்போடுகிறது. கட்டட வேலைக்குப் போகிற பொடியன்கள் உதட்டுக்கடியில் ஹான்ஸ் ஒதுக்குவதும் இதே கணக்குத்தான். பசி தெரியாது, அலுப்புத் தெரியாது. 2013இலேயே குட்கா, பான்மசாலாவுக்குத் தடை போட்டார்கள். பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

முன்பு ஆண்டை ஊற்றினான், இப்போது அரசு ஊற்றுகிறது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. 2023–24இல் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கடையில் குவார்ட்டர் வாங்கக் கட்டுப்படியாகாத தினக்கூலிகள் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அறிவித்தார்கள். ‘குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்’ என்று கேட்ட வாய்கள் எத்தனை! அந்த வாய்களில் ஒன்றுகூட, குடிக்க வைத்துச் சம்பாதித்தவனிடம் கணக்குக் கேட்கவில்லை.

குடி அடிமைத்தனம் ஒரு நோய் என்பதை நம் இயக்கத்துக்குள்ளேயே பலர் ஏற்பதில்லை. ‘மனசு வச்சா விட்டுடலாம்’ என்கிறார்கள். பல வருஷம் தினமும் குடித்தவனின் மூளையும் நரம்பும் சாராயத்துக்கு ஏற்ப மாறிவிடுகின்றன. காலையில் கை நடுங்குகிறதே, அது சாராயம் இல்லாமல் நரம்பு அலறுகிற சத்தம். அப்படிப்பட்டவர் ‘சாமிக்கு மாலை போட்டுட்டேன், கயிறு கட்டிட்டேன்’ என்று ஒரேயடியாக நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம், அடுத்த ரெண்டொரு நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம், உயிரே போகலாம். மருத்துவர் கண்காணிப்பில், மாத்திரையோடு நிறுத்தவேண்டும். இது தெரியாமல் ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று கட்டிவைத்து அடிக்கிற வீடுகள் உண்டு. இதை நம் தெருவில் எல்லோருக்கும் தெரியவைப்பது ஒரு இயக்க வேலை.

நமக்கு ரெண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம் காந்தியக் குரல்: ‘குடியை விடு, கறியை விடு, குளி, சுத்தமாயிரு. அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம்.’ யாரிடம் சேர்வதற்கு? இன்னொரு பக்கம் நம்முடைய சில தோழர்களின் குரல்: ‘குடி நம்ம கலாச்சாரம். அதை எதிர்ப்பது பார்ப்பன ஒழுக்கம்.’ மாட்டுக்கறியை நம் பண்பாடு என்று நிமிர்ந்து சொல்லுவோம். அது உடம்பை வளர்த்தது. டாஸ்மாக் குவார்ட்டரை எப்படிப் பண்பாடு என்பது? சாயங்காலம் அடிவாங்குகிற பெண்ணிடம் போய் இந்தக் கலாச்சார விளக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். விளக்குமாறு பறக்கும்.

அம்பேத்கர் இந்த ரெண்டு வழியிலும் போகவில்லை. 1927இல் மகாடில் அவர் செத்த மாட்டின் கறியைத் தின்னாதீர்கள், எச்சில் சோறு வாங்காதீர்கள் என்றார். அந்தக் கறியும் சோறும் சாதித் தொழிலுக்குக் கிடைத்த கூலி. தின்பதை விடுவது என்றால் அந்தத் தொழிலை விடுவது, ஊருக்கு அடங்கிக் கிடப்பதை விடுவது. 1956இல் நாகபுரியில் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. மேல்சாதி சபாஷ் சொல்லவேண்டும் என்பதற்காக அவர் அதைச் சேர்க்கவில்லை. இந்து மதத்தைவிட்டே வெளியேறுகிற நாளில் சேர்த்தார். அதே அம்பேத்கர் கடைசிப் பல ஆண்டுகள் நீரிழிவோடு போராடியவர். குடியோ புகையோ அவரை அண்டியதில்லை. வியாதி வந்தவனைப் பாவியைப் போலப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

எனவே பழக்கத்தை மாற்றவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை ஒவ்வொருவரும் தனியாக, குற்ற உணர்ச்சியோடு செய்யமுடியாது. சேர்ந்து, கோரிக்கையோடு செய்யவேண்டும். ரேஷனில் பருப்பைக் கூட்டு, முட்டையைச் சேர் என்று கேட்போம். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லா மாவட்டத்துக்கும் கொடு என்று கேட்போம். துப்புரவுத் தொழிலாளிக்கு வேலை நிரந்தரம் வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு நேரமும் ஒதுங்க இடமும் வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021இலிருந்து வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. நல்லது. அதே வாசலுக்குக் குடிநோய் சிகிச்சையும் வரட்டும்.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. ஏப்ரல் 14க்குப் பேனர் கட்டுகிற காசில் பாதியை ஒதுக்கினால் சேரி முழுக்கச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்த்துவிடலாம். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு டீ, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் கொடுக்கலாம். கூட்டம் முடிந்ததும் பாட்டிலோடு ஒதுங்குகிற பொறுப்பாளர்களைப் பெண் தோழர்கள் நேருக்கு நேர் கேட்கவேண்டும். கேட்கிற பெண்ணுக்குப் பின்னால் அமைப்பு நிற்கவேண்டும். தேர்தல் நேரத்தில் பாட்டிலோடு தெருவுக்குள் வருகிற வண்டியை, அது எந்தக் கொடி கட்டியிருந்தாலும், நம் கொடியே கட்டியிருந்தாலும், தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புங்கள். இந்த வருஷமே தொடங்குங்கள்.