‘தனியன்’ எண்டு சொல்லித் தப்பாதேங்கோ

போன மாதம் கம்பஸில் நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்து குற்ற நாவல்களைப் பற்றிக் கதைத்தோம். பெருநகரம், மழை, மலிவான மதுச்சாலை, ஆருமில்லாத ஒரு ஆம்பிளை. எல்லாருடைய பேச்சிலும் இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒரு நண்பன் தீர்ப்புச் சொன்னான்: “மனுசன் அடிப்படையில தனியன் மச்சான். இந்த நாவலெல்லாம் அதைத்தான் சொல்லுது.” எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான்.

அறைக்கு வந்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. ஏனெண்டால் நல்ல குற்ற நாவல்கள் அப்பிடிச் சொல்லவே இல்லை. ஒருவன் எப்பிடித் தனியன் ஆக்கப்பட்டான், அதால ஆருக்கு லாபம் எண்டுதான் அவை சொல்லுகின்றன. நாங்கள்தான் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறம்.

இந்த வாசிப்புக்கு ஒரு மூலம் இருக்கிறது. ரேமண்ட் சாண்ட்லரின் ‘த பிக் ஸ்லீப்’ 1939இல் வந்தது. அதில் வரும் துப்பறிவாளன் மார்லோ லொஸ் ஏஞ்சல்ஸில் தனியாக வாழ்கிறான். நாளுக்கு 25 டொலரும் செலவுக் காசும் வாங்குகிறான். 1944இல் சாண்ட்லர் எழுதிய கட்டுரை ஒன்று, அழுக்கான நகரத்துக்குள் தான் அழுக்குப்படாமல் நடக்கிற தனி மனிதனை ஒரு இலட்சியமாகவே வரைந்து வைத்தது. நல்ல எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் மார்லோ கல்லூரி பார்த்தவன். கையில் உரிமம் இருக்கிறது, சொந்த அலுவலகம் இருக்கிறது. பிடிக்காத காசை வேண்டாம் எண்டு திருப்பிக் கொடுக்க அவனால் முடியும். அவனுடைய தனிமை அவனே தெரிவு செய்தது. அதை எடுத்து, கூலி வேலை செய்கிற எல்லாப் பாத்திரத்துக்கும் சட்டை மாதிரி மாட்டிவிடுவதுதான் நாங்கள் விடுகிற பிழை.

அதே நகரத்தில் இன்னொருவன் இருக்கிறான். வோல்டர் மோஸ்லியின் ‘டெவில் இன் அ ப்ளூ ட்ரெஸ்’ 1990இல் வெளிவந்தது. கதை நடப்பது 1948இல். ஈஸி ரோலின்ஸ் ஒரு கறுப்பினத்தவன், போருக்குப் போய் வந்தவன், விமானத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஷிப்ட் முடிந்து களைத்துப்போய் நிற்கிறபோது இன்னும் நின்று வேலை செய் என்கிறார்கள். ஏலாது என்கிறான். வேலை போகிறது. வீட்டுக் கடன் தவணை கட்டவேணும். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளையன், ஒரு பெண்ணைத் தேடித் தந்தால் காசு எண்டு வருகிறான். ஈஸி அந்த இருட்டுக்குள் இறங்கினது வாழ்க்கை அர்த்தமில்லாதது எண்டு அவனுக்குத் தோன்றினதால் இல்லை. வீடு போயிடும் எண்ட பயத்தில். இவ்வளவுக்கும் அவன் தனியனே இல்லை. ஹூஸ்டனில் இருந்து வந்த சனம் அவனைச் சுற்றி இருக்கிறது. மவுஸ் எண்ட ஆபத்தான கூட்டாளியும் இருக்கிறான். மார்லோவுக்கு இருக்கிற ‘வேண்டாம்’ எண்ட சொல் மட்டும்தான் அவனிடம் இல்லை.

“அது சமூக நாவல், உண்மையான நுவார் இல்லை” எண்டு நண்பன் சொல்லுவான், தெரியும். சரி, அவன் கும்பிடுகிற டேவிட் கூடிஸையே எடுப்பம். ‘டவுன் தேர்’ 1956இல் வந்தது. 1960இல் த்ரூஃபோ அதைப் படமாக்கினார். எடி, பிலடெல்பியாவில் ஒரு அழுக்கு மதுச்சாலையில் பியானோ வாசிக்கிறவன். ஒருத்தரோடயும் ஒட்டமாட்டான், எதுக்கும் ஒரு வெறுஞ்சிரிப்பு. தனியனுக்கு இதைவிட உதாரணம் வேணுமா? ஆனால் பின்கதையை வாசியுங்கோ. அவன் ஒருகாலத்தில் பெரிய மேடைகளில் வாசித்த கலைஞன். அந்த மேடைக்கு விலையாக, கச்சேரி ஒழுங்கு செய்கிறவன் அவனுடைய மனைவியின் உடம்பைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அது தெரியவந்தபோது எடி அவளை விட்டு வெளியே நடந்தான். அவள் உயிரை விட்டாள். அவனுடைய மௌனம் தத்துவம் இல்லை. வேலை தருகிறவன் செய்த அநியாயமும், அதுக்குப் பிறகு தான் செய்த கோழைத்தனமும்தான் அது.

இனி நட்சுவோ கிரினோவின் ‘அவுட்’. 1997இல் ஜப்பானில் வந்த நாவல். ‘தனியன்’ எண்ட சொல்லுக்கு ஆண்பால் விகுதிதான் இருக்கிறது எண்டு நம்புகிற எல்லாரும் இதை வாசிக்கவேணும். டோக்கியோவின் புறநகரில் சாப்பாட்டுப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலை. நள்ளிரவு தொடங்கி விடியும்வரை நாலு பெண்கள் ஒரே வரிசையில் நின்று வேலை செய்கிறார்கள். ஒருத்திக்குப் படுக்கையில் கிடக்கிற மாமி, ஒருத்திக்குக் கழுத்தளவு கடன், ஒருத்தியின் புருசன் சேமிப்பு முழுக்கச் சூதாடித் தொலைத்தவன். நாலாவது ஆள் மசாக்கோ, முந்தி வேலை செய்த நிதி நிறுவனத்தில் நியாயம் கேட்டு ஓரங்கட்டப்பட்டவள். சூதாடின புருசனை மனைவி கொன்றபிறகு, மற்றவர்கள் சேர்ந்து சடலத்தை வெட்டிப் பைகளில் போடுகிறார்கள். அந்தக் காட்சியில் என்னை உறையவைத்தது இரத்தம் இல்லை. அவர்கள் அதைத் தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே வேலை பிரித்து, ஒழுங்காக, கூலி பேசிச் செய்ததுதான். தோளோடு தோள் நின்றவர்களுக்கு ஒருத்தியின் வீட்டைப் பற்றி மற்றவளுக்கு முழுசாகத் தெரியாது. கதைக்க நேரம் எங்கே இருந்தது?

இந்த இடத்தில் எனக்கு என்ர அக்காவின் ஞாபகம் வந்தது. ஆறு வருசம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவ. விடிய அஞ்சு மணிக்கு பஸ். இரவு வந்தால் சாப்பாட்டுக் கோப்பையோட ஒரு மூலையில் இருப்பா. “அவ சின்னனில இருந்தே அமைதி” எண்டு அம்மா சொல்லுவா. நானும் நம்பினன். வேலையை விட்டு மூண்டு மாசத்தில், எங்கட வீட்டில் ஆகக்கூடக் கதைக்கிற ஆள் அவதான். அந்த ஆறு வருசமும் நாங்கள் அவவின் களைப்புக்குக் ‘குணம்’ எண்டு பேர் வைத்திருந்தம். அதனால் ஒருத்தரும் ஒண்டும் கேட்கத் தேவைப்படவில்லை.

என்னுடைய கோபம் இதுதான். ‘மனுசன் அடிப்படையில் தனியன்’ எண்ட வசனம் ஆழமாகக் கேட்கும், ஆனால் கேள்வியை மூடிவிடும். குணம் எண்டால் மாற்ற ஏலாது. சம்பளம், ஷிப்ட், கடன் எண்டால் மாற்றலாம். மாற்றாமல் இருக்கிறவர்களைக் கேள்வி கேட்கலாம்.

இந்த வகை எழுத்தில் பிழையே இல்லை எண்டு நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ நாவல்களில் பெண் செத்துக்கிடக்கத்தான் வருகிறாள். கதாநாயகனுக்கு அயலவர், தொழிற்சங்கம், தங்கச்சி எண்டு ஒருத்தரும் இருக்கக்கூடாது எண்டு எழுத்தாளரே வெட்டிவிடுகிற இடங்களும் உண்டு. அதையும் கேள்வி கேட்பம். ஆனால் எழுதியிருப்பதை வாசிக்காமல் விடுகிறது வாசகரின் பிழை.

அடுத்தமுறை இப்பிடி ஒரு நாவலைத் திறக்கிறபோது ரெண்டு கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. இந்த ஆள் எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு வாறார்? ஆருக்கு எவ்வளவு காசு குடுக்கவேணும்? பதில் பெரும்பாலும் முதல் அத்தியாயங்களிலேயே இருக்கும். அதுக்குப் பிறகும் ‘தனியன்’ எண்டுதான் சொல்லத் தோன்றினால் சொல்லுங்கோ, கேட்கிறன்.