அடுப்புப் பற்றாவிட்டால் முதலில் மூடுங்கள்



வேலை விடயமாக வீடுகளுக்குப் போய்வரும்போது பல குசினிகளில் ஒரே காட்சியைக் காண்கிறேன். கேஸ் அடுப்புப் பற்றவில்லை. திருகியைத் திறந்துவைத்தபடியே லைட்டரை 'டக், டக்' என்று அடிக்கிறோம். அதுவும் சரிவரவில்லை என்றதும் நெருப்புப்பெட்டியைத் தேடுகிறோம். அது தட்டில் இல்லை, பிள்ளையிடம் கேட்கிறோம், பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கேட்கிறோம். அவ்வளவு நேரமும் திருகி திறந்தே இருக்கிறது. கடைசியில் குச்சியைக் கிழித்து அடுப்பில் நீட்டுகிறோம். ஆபத்து அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

அடுப்புப் பற்றாத நேரத்திலும் கேஸ் வந்துகொண்டுதான் இருக்கும். நாம் சமையலுக்குப் பாவிக்கும் கேஸ் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. இரண்டும் காற்றைவிடப் பாரமானவை. ஆகவே மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு பரவி, மூலைகளிலும் அலுமாரிக்கு அடியிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே ஒரு பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும்.

எனவே இரண்டு தரம் அடித்தும் பற்றாவிட்டால் திருகியை மூடுங்கள். யன்னலை மட்டுமல்ல, பின்கதவையும் திறந்துவிடுங்கள். கேஸ் கீழே நிற்பதால் கதவு வழியாகத்தான் நன்றாக வெளியேறும். ஐந்து நிமிடமாவது பொறுத்து, மணம் இல்லை என்று கண்டபிறகே மறுபடியும் முயலுங்கள். நெருப்புக்குச்சியால் பற்றவைப்பதென்றால் முதலில் குச்சி, பிறகுதான் திருகி. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

ஏன் பற்றவில்லை?

திருகியைத் திறந்ததும் 'இஸ்' என்ற மெல்லிய சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

சத்தமே இல்லையென்றால் கேஸ் அடுப்புக்கு வரவில்லை. ரெகுலேட்டர் மூடியிருக்கலாம், சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், குழாய் மடிந்து நசுங்கியிருக்கலாம், அல்லது சிலிண்டர் முடிந்திருக்கலாம். வெறும் சிலிண்டரின் நிறை அதன் உடலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தராசில் வைத்து அந்த நிறையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். கடைசிக் கேஸையும் எடுக்கவென்று சிலிண்டரைப் படுக்கவைப்பதும், அதன்மீது கொதிநீர் ஊற்றுவதும் கூடாது. படுக்கவைத்தால் உள்ளேயுள்ள திரவம் அப்படியே குழாய்க்குள் வரக்கூடும்.

சத்தம் கேட்டும் பற்றவில்லையென்றால், உடனே மூடிவிட்டு அடுப்பின் தலையைப் பாருங்கள். கழுவிய ஈரம் காயாவிட்டால் பொறி சரியாக விழாது. கஞ்சி பொங்கி வழிந்து துளைகளை அடைத்திருக்கலாம். மூடி சரியாக அமராமல் இருக்கலாம். பட்டரியால் பற்றும் அடுப்பில் பட்டரி முடிந்திருக்கலாம். சில புதிய அடுப்புகளில் திருகியை அழுத்திப் பிடித்துச் சில விநாடிகள் வைத்திருக்க வேண்டும். முன்னதாகக் கையை எடுத்தால் பாதுகாப்புக்காகவே அது அணைந்துவிடும்.

கடற்கரையோரம் வாழும் நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை உப்புக் காற்றுப் படாத வீடு குறைவு. அடுப்பின் இரும்புப் பாகங்களும் குழாயை இறுக்கும் பட்டியும் சீக்கிரம் கறள் பிடிக்கும். 2022ஆம் ஆண்டு கேஸ் தட்டுப்பாட்டின்போது பலர் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் திரும்பினார்கள். அப்படி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் அடுப்பின் குழல்களில் சிலந்தியும் பூச்சிகளும் கூடு கட்டிவிடும். சுவாலை மஞ்சளாகி, சட்டியில் கரி பிடித்தால் அடைப்பு இருக்கலாம் என்று நினையுங்கள். கேஸ் வரும் சின்னத் துளையை ஊசியால் குத்தவேண்டாம். துளை பெரிதாகிவிட்டால் கேஸ் அளவுக்கு மிஞ்சி வரும். அதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

மணம் வந்தால்

கேஸுக்கு இயல்பாக மணம் கிடையாது. ஒழுகினால் நமக்குத் தெரியட்டும் என்றே எத்தில் மேர்கப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். 2021 நவம்பரில் தொடங்கி நாடெங்கும் வீடுகளில் கேஸ் அடுப்புகள் வெடித்ததையும், பலர் காயப்பட்டதையும், உயிர்கள் போனதையும் நாம் மறக்கவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் அமைந்த குழு, கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்றது. கேஸின் கலவை நம் கையில் இல்லை. ஆனால் ஒழுக்கைக் கண்டுபிடிப்பது நம் கையில் இருக்கிறது.

சவர்க்காரத்தை நீரில் நுரைக்கக் கரைத்து ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் பூசிப் பாருங்கள். குமிழி எழும்பினால் அந்த இடத்தில் ஒழுகுகிறது. நெருப்புக்குச்சி பிடித்துச் சோதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யவேண்டாம். குழாய் வெடித்திருந்தாலோ விறைத்திருந்தாலோ தாமதிக்காமல் மாற்றுங்கள்.

மணம் பலமாக இருந்தால் லைட்டையும் ஃபேனையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிச்சில் எழும் சிறு பொறியே போதும். ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு, வெளியில் நின்று உதவிக்கு அழையுங்கள். அதற்காக மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தையும் 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்தையும் குசினிச் சுவரில் எழுதிவையுங்கள். சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு குசினிக்குள் போகும்போது, சுவிச்சில் கை வைக்குமுன் மூக்கால் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை, முட்டை, தேங்காய் எண்ணெய் எதுவும் பூசவேண்டாம். பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள்.

யாருக்குத் தெரியும்?

நமது கிழக்குக் கரையில் வீடு மகளுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. ஆனால் சிலிண்டரைக் கொண்டுவருவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் பெரும்பாலும் ஆண்களின் வேலையாகிவிட்டது. அவர்கள் கடலுக்கோ கடைக்கோ கட்டாருக்கோ போனபிறகு அடுப்பின் முன் நிற்பது நாம்தான். ஆபத்து வரும்போது ரெகுலேட்டரை மூட வேண்டிய கையும் நமது கைதான். மூடத் தெரியாமல் பதறி நிற்கும் நிலை எந்தச் சகோதரிக்கும் வரக்கூடாது. தறியும் நூலும் அடுத்த அறையிலேயே இருக்கும் மருதமுனை வீடுகளிலும், சுவரோடு சுவர் ஒட்டிய சாய்ந்தமருது ஒழுங்கைகளிலும் ஒரு குசினியின் தீ அந்தக் குசினியோடு நின்றுவிடாது.

ஆகவே இம்மாதம் ஒரு வேலை. வீட்டிலுள்ள உம்மா, மாமி, மருமகள், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு, ரெகுலேட்டரை ஒவ்வொருவரும் தன் கையாலேயே மூடித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் செய்யத் தெரியவேண்டும், ஏனெனில் கரண்ட் இல்லாத இரவிலும் அது தேவைப்படலாம். இரவில் படுக்கப்போகுமுன் அடுப்பின் திருகியோடு ரெகுலேட்டரையும் மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.