மொபெட்டின் பின்புறப் பெட்டியும் சாக்கும்

ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து 1980-ஆம் வருஷத்தில் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. நாளடைவில் இப்பக்கத்துக் குடியானவர்களுக்கு மாட்டுவண்டியின் ஸ்தானத்தை அவ்வகை வண்டி ஓரளவு ஏற்றுக்கொண்டது. மூக்கண்டப்பள்ளிச் சாலையில் விடியற்காலையில் நிற்போர், தக்காளியும் கொத்தமல்லியும் அதன் பின்புறத்தில் சந்தைக்குச் செல்வதைக் காணலாம். வண்டி வாங்க ஒரு மாதம் யோசிப்பவர்கள், பின்னால் கட்டும் பெட்டியைப் பற்றி ஒரு நாழிகையும் யோசிப்பதில்லை. அகப்பட்ட சாக்கைக் கட்டிவிடுகின்றனர்.

தக்காளியைச் சாக்கில் ஏற்றுவது நஷ்டத்தை விலைக்கு வாங்குவதாகும் என்பதே எமது அபிப்பிராயம். மேற்பளுவால் அடிப்பழம் நசுங்கும். ஒன்று கசிந்தால் அயலிலுள்ளவையும் கெடும். பக்கங்களில் துவாரமுள்ள பிளாஸ்டிக் பெட்டியே இதற்கு ஏற்றது. கீரைக்கோ ஈரச் சணற்சாக்கு போதும். அதற்கெனப் பெட்டி வாங்குதல் வீண்செலவு.

பளுவைப் பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் தள்ளிக் கட்டினால் முன்சக்கரம் தரையில் அழுந்தாது. மேட்டில் ஏறும்போது கைப்பிடி ஆடும். ஆகையால் பெட்டி தாழ்வாகவும் இருக்கையை ஒட்டியும் இருத்தல் வேண்டும். பின்விளக்கையும் எண்பலகையையும் அது மறைக்கலாகாது. லாரிகள் மலிந்த இச்சாலையில் இருட்டோடு புறப்படுவோரைப் பின்வருவோருக்குக் காட்டுவது அவ்விளக்கொன்றே.

பூச்சிமருந்துப் புட்டியை அரிசி பருப்புடன் ஒரே பையிலிட்டு வரும் வழக்கத்தைக் கிராம உத்தியோகஸ்தர்கள் கண்டவிடத்தே தடுத்தல் வேண்டும். மருந்துக்கென மூடியுள்ள சிறு பெட்டியொன்றைத் தனியே வைத்துக்கொள்க. கழுவிய பின்னரும் அதில் வேறெதையும் போடலாகாது.