மண் பூட்டும்; சாவி யார் கையிலே?



நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்தபின் தொட்டியின் அடியிலே தங்குகிறதே கசடு, அதைக் கழனிக்கு உரமாக இடலாம் என்கிறார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிலே உண்டு; மறுப்பாரில்லை. ஆனால், சாக்கடையிலே கலப்பது மனிதக் கழிவு மட்டுந்தானா? முலாம் பூசும் பட்டறையின் நிக்கலும் காட்மியமும், தோல் பதனிடும் ஆலையின் குரோமியமும் அதே குழாயிலே கலந்துவிட்டால், சத்தோடு சேர்ந்து நஞ்சுமல்லவா கழனி ஏறும்?

“அஞ்சாதீர், மண் அதைப் பிடித்துக்கொள்ளும்” என்று சமாதானம் சொல்லப்படுகிறது. பாதி உண்மை! களிமண்ணும் மட்கும் இரும்புத் துருவும் உலோகத்தைப் பிடித்துப் பூட்டி வைக்கும். ஆனால், அந்தப் பூட்டுக்குச் சாவிகள் உண்டு.

முதல் சாவி, புளிப்பு. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுதோறும் இட்டு, சுண்ணாம்பை மறந்துவிட்டால் மண் புளிக்கும். புளித்த மண்ணிலே காட்மியமும் துத்தநாகமும் நிக்கலும் கரைந்து, வேர் வழியே பயிருக்குள் புகும்.

இரண்டாம் சாவி, நீர். நீர் தேங்கிய வயலிலே காட்மியம் கந்தகத்தோடு கூடி அடங்கிக் கிடக்கும். நீரை வடித்து வயலைக் காயவிட்டாலோ, அடங்கியது எழும்; நெல்மணியிலே ஏறும்; உண்பவன் சிறுநீரகத்திலே குடியேறும்.

மூன்றாம் சாவி, காலம். கசடோடு வந்த மட்கு நாளடைவிலே அழியும், உலோகம் அழியாது. காவலன் சாகிறான், கைதி சாவதில்லை!

கற்பனையல்ல இது. இங்கிலாந்திலே வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை கசடு இட்டார்கள், பிறகு நிறுத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் ஆராய்ந்தார்கள். இட்ட உலோகத்திலே பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருந்தது! குளோவர் என்னும் தீவனப் பயிரின் வேரிலே வாழ்ந்து, காற்றிலிருந்து தழைச்சத்தை ஈட்டித் தரும் நுண்ணுயிர்களிலே, வேலை செய்யாத வகையே மிஞ்சியிருந்தது.

சட்டம் என்ன செய்தது? மண்ணின் கார அமில நிலை 6க்குக் கீழே போனால், தேவைப்படின் உலோக வரம்பைக் குறைத்திட வேண்டும் என்று 1986இல் ஐரோப்பியச் சமூகம் விதித்தது. அமெரிக்காவோ, காட்மியத்தை எண்ணி, உணவுப் பயிர் நிலத்துக்கு 6.5 வேண்டும் என்று 1979இல் கட்டளையிட்டது. 1993இன் புதிய விதியிலே அந்த நிபந்தனையைக் காணோம்!

நாம் கேட்பது இதுதான்: கசட்டை மட்டும் சோதித்தால் போதாது, கழனியையும் சோதியுங்கள். கொட்டும் முன்பும் சோதியுங்கள். கொட்டுவதை நிறுத்திப் பல்லாண்டு சென்றும் சோதியுங்கள். ஆலை நஞ்சை ஆலை வாசலிலேயே தடுத்திடுங்கள். அந்தச் செலவை ஆலை முதலாளி ஏற்கட்டும்.

பட்டறைத் தொழிலாளியும் பாட்டாளி உழவனும் ஒரே சோற்றைத்தான் உண்கிறார்கள். இலாபம் ஒருவனுக்கு, நஞ்சு ஊருக்கு என்றால், அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள முடியுமா, தோழர்களே?