புல் வெட்டும் யந்திரமும் அதற்கேற்ற எண்ணெயும்

கட்டை வண்டி வைத்திருந்த குடியானவர் எவரும் மசகிடாமல் வண்டி பூட்டியதில்லை. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவாவிட்டால் குடம் தேயும், மாடு இளைக்கும் என்பதை ஒருவரும் அவருக்குப் புத்தகத்தில் எழுதிக் காட்டவில்லை. அச்சு முனகும் ஒலியே போதிய போதனையாயிருந்தது. இக்காலத்தில் தோப்புகளில் வந்து புகுந்திருக்கும் சிறு என்ஜின்களோ அவ்விதம் முன்னதாக முனகி எச்சரிப்பது அரிது. தக்க எண்ணெய் இருக்கும் வரையில் ஓடும். இல்லாதபோது திடீரென்று நின்றுவிடும். நின்றதை மறுபடி ஓட்டுவதற்கு யந்திரத்தின் கிரயத்தில் ஒரு பெரும் பங்கைச் செலவிட வேண்டி வரும். ஆகவே, யந்திரத்தைக் கொடுப்பதோடு அதற்குரிய எண்ணெயைப் பற்றிய அறிவையும் கொடுத்தாலன்றி, கொடுத்தது பாதியே ஆகும் என்பதை வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி தாலுகாவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கட்டுமாவடியின் நிலைமையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். இவ்வூருக்கு ஒருபுறம் கடலும் மீன்பிடித் தொழிலும். மறுபுறம் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பிரதேசமும் தென்னந்தோப்புகளும். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 16ஆம் தேதி வீசிய கஜா புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளைக் கணக்கின்றிச் சாய்த்துவிட்டது. அதன்பின் மீண்டும் கன்று நட்ட குடியானவர்களுக்கு, மரம் பலன் தரும் வரையில் வரவு இல்லை. செலவு மட்டும் உண்டு. 25 அடிக்கு ஒரு கன்றாக ஏக்கருக்குச் சுமார் 70 கன்றுகள் நிற்கும் தோப்பில், நிழல் விழாத நடுவெளி முழுவதும் புல்லும் கோரையும் மண்டுகின்றன. அரிவாள் பிடிக்க ஆள் அகப்படுவதோ வர வர அரிதாகிறது. ஆதலால், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுவதும் ஜனங்கள் ‘பிரஷ் கட்டர்’ என்று வழங்குவதுமான யந்திரம் தோப்புகளில் இன்றியமையாததாகிவிட்டது. வேளாண்மை யந்திரங்கள் பரவுவதற்கென மத்திய அரசாங்கம் 2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, சிறு, குறு விவசாயிகளுக்குக் கிரயத்தில் பாதி வரையில், குறிப்பிட்ட உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வழங்கவும் ஏற்பாடு உண்டு. இது மிகவும் நல்ல ஏற்பாடே.

ஆனால் யந்திரம் வீடு வந்து சேர்ந்தபின் சாதாரணமாக நடப்பது யாது? கயிற்றை இழுத்து என்ஜினைக் கிளப்புவது எப்படி, விசையைக் கூட்டுவது எப்படி, நைலான் இழையை மாற்றுவது எப்படி என்பவற்றை விற்பவர் காட்டுவார். எண்ணெயைப் பற்றிக் கேட்டால், “டூ டி ஆயில் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள்” என்பதோடு போதனை முடிந்துவிடும். கைப்புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அது பரண் மேலேறும். கையிலிருந்த முதல் குப்பி தீர்ந்தபின், குடியானவர் அருகிலுள்ள கடைக்குப் போவார். கடலோரக் கடையில் படகு என்ஜினுக்கான எண்ணெய் கிடைக்கும். மோட்டார் சைக்கிள் எண்ணெயும் டிராக்டர் எண்ணெயும் கிடைக்கும். எது கைக்கு அகப்பட்டதோ அதுவே யந்திரத்துக்குள் போகும். கேடு இங்கேதான் தொடங்குகிறது.

எண்ணெயைத் தெரிந்தெடுக்குமுன் யந்திரத்தின் ஜாதியை அறிந்துகொள்வது அவசியம். இவ்வகைச் சிறு பெட்ரோல் என்ஜின்கள் ‘டூ ஸ்ட்ரோக்’ என்றும் ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ என்றும் இரு வகைப்படும். முன்னதில் எண்ணெய்க்கென்று தனி அறை கிடையாது. பெட்ரோலில் கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்டனையும் பேரிங்குகளையும் நனைத்துவிட்டு, முடிவில் பெட்ரோலோடு எரிந்து போகிறது. பின்னதில் எண்ணெய் அடியிலுள்ள அறையில் தனியே தங்கிச் சுழல்கிறது. பெட்ரோலில் எதையும் கலக்கலாகாது. இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. பெட்ரோல் டாங்கின் மூடியைத் தவிர எண்ணெய் ஊற்றுவதற்கு வேறொரு மூடி என்ஜினில் இருந்தால் அது ஃபோர் ஸ்ட்ரோக். இல்லாவிட்டால் டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக் யந்திரத்துக்கு வெறும் பெட்ரோலை ஊற்றினால் சில நிமிஷங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரத்தின் அடியறையில் எண்ணெய் இல்லாமல் ஓட்டினாலும் முடிவு அதுவே.

டூ ஸ்ட்ரோக் யந்திரத்தைப் பற்றிக் கட்டுமாவடிக் குடியானவர் விசேஷமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. படகின் பின்புறம் மாட்டும் பெட்ரோல் என்ஜினும் டூ ஸ்ட்ரோக்காய் இருக்கக் கூடும். அதன் எண்ணெயும் பெட்ரோலில் கலப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே புல் வெட்டும் யந்திரத்துக்கும் அது பொருந்தும் என்று எண்ணுவது இயல்பே. எனினும் அவ்வெண்ணம் தவறானது. படகு என்ஜினைக் கடல் நீர் இடைவிடாது குளிர்விக்கிறது. புல் வெட்டும் யந்திரத்தைக் குளிர்விப்பது அதன் சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களில் படும் காற்று மட்டுமே. அதுவும் புல் தூசி அடைத்துக்கொண்டால் குறைந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் அதன் சூடு படகு என்ஜினின் சூட்டைவிட மிகவும் அதிகம். ‘டி.ஸி.-டபிள்யூ.3’ என்று குப்பியில் பொறித்த படகு எண்ணெய் குறைந்த சூட்டுக்கென அமைந்தது. மிகுந்த சூட்டில் பிஸ்டன் வளையங்களைச் சுத்தமாக வைக்கும் பொருள்கள் அதில் போதிய அளவு இல்லை. ஆகையால் நாளடைவில் வளையங்கள் கரியால் ஒட்டிக்கொண்டு, யந்திரம் வலுவிழந்து நின்றுபோகும். படகுக்காரர் எண்ணெய் கெட்டதென்று இதற்குப் பொருளன்று. படகுக்கு அது நல்லதே. வேறு வேலைக்குரியதை இங்கே கொண்டு வந்ததே பிழை.

காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் யந்திரத்துக்கு வேண்டியது, ஜப்பானியத் தர நிர்ணயப்படி ‘ஜாஸோ’ என்ற குறியோடு எஃப்.பி., எஃப்.ஸி., எஃப்.டி. என்று தரமிடப்பட்ட எண்ணெய். இவற்றில் பின்னது முன்னதைவிட உயர்ந்தது. எஃப்.ஸி. தரத்தில் புகை குறைவு; எஃப்.டி. தரத்தில் புகை குறைவதோடு உட்புறமும் அதிகச் சுத்தமாயிருக்கும். யந்திரக் கைப்புத்தகம் எந்தத் தரத்தைக் குறிக்கிறதோ அதற்குக் குறைந்ததை வாங்கலாகாது. டிராக்டர் எண்ணெயையோ மோட்டார் சைக்கிளின் அடியறை எண்ணெயையோ பெட்ரோலில் கலப்பது முற்றிலும் விலக்கத்தக்கது. அவை எரிவதற்காகச் செய்யப்பட்டவையல்ல. எரிந்தால் சாம்பலும் கரியுமாய்ப் படியும்.

அடுத்தது அளவு. பெரும்பாலும் 50க்கு 1 என்ற விகிதம் குறிக்கப்படும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர், 5 லிட்டருக்கு 100 மில்லிலிட்டர். ‘ஸ்டீல்’ கம்பெனி போன்ற சில உற்பத்தியாளர்கள், தங்கள் சொந்த எண்ணெயானால் 50க்கு 1 என்றும், பிறர் எண்ணெயானால் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் என்றும் குறிப்பதுண்டு. “கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் யந்திரத்துக்கு நல்லதுதானே?” என்று கேட்பவர் அநேகர். பயிருக்கு உரம் கூடினால் என்ன நேரும் என்பதை அறிந்தவர்கள் இப்படிக் கேட்பது ஆச்சரியமே. எண்ணெய் அளவுக்கு மிஞ்சினால் பிளக் கரி பிடிக்கும், சைலென்ஸர் அடைக்கும், புகை வேலை செய்பவரின் மூச்சிலேயே போகும். குறைந்தாலோ பிஸ்டன் போகும். ஆகையால் கண்மதிப்பை விட்டு, மருந்துக் குப்பி மூடியைப் போன்று அளவு கீறிய ஒரு சிறு பாத்திரத்தைக் கையாள்வதே விவேகம்.

கலந்த பெட்ரோலை நெடுநாள் வைத்திருப்பதும் கூடாது. இந்தியாவில் 2025ஆம் ஆண்டு முதல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் சேர்ந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. கடற்காற்று வீசும் ஊரிலோ ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் கலவையினின்று பிரிந்து அடியில் தங்கும். அதை உறிஞ்சும் யந்திரத்துக்குத் தக்க எண்ணெய் சேராது. ஆகவே ஒரு மாதத்துக்குள் தீரத்தக்க அளவே கலந்து, இறுக மூடி வைத்து, ஊற்றுமுன் நன்றாகக் குலுக்குதல் வேண்டும். வேலைக்காலம் முடிந்தால் டாங்கைக் காலி செய்துவிட்டே யந்திரத்தை ஒதுக்கி வைக்கவேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரத்துக்குச் சட்டம் வேறு. எண்ணெயின் பருமனை ‘எஸ்.ஏ.இ.’ என்ற எண் காட்டும். பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் தள்ளிக்கொண்டு போகும் சக்கர யந்திரங்களுக்கு 30ஆம் எண் எண்ணெயும் ‘10 டபிள்யூ 30’ எண்ணெயும் வழக்கமாய்க் குறிக்கப்படுகின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. பனி பெய்யும் தேசங்களில் காலையில் என்ஜின் எளிதில் கிளம்புவதற்காகவே அந்த முதல் எண் ஏற்பட்டது. கட்டுமாவடியில் அக்கவலை இல்லை. வெப்பம் 27 டிகிரி செண்டிகிரேடுக்கு மேற்பட்டால், காற்றால் குளிரும் என்ஜினில் 10 டபிள்யூ 30 சற்று அதிகமாகச் செலவாகக்கூடும் என்று சக்கர யந்திர என்ஜின் செய்வோர் சிலர் எச்சரிக்கின்றனர். இவ்வூரில் ஆண்டின் பெரும்பாலான பகற்பொழுது அவ்வெப்பத்துக்கு மேற்பட்டதே. எனவே புத்தகம் இரண்டையும் அனுமதித்தால் 30ஆம் எண்ணைக் கொள்ளலாம். 10 டபிள்யூ 30 மட்டுமே குறித்திருந்தால் அதையே ஊற்றி, நாள்தோறும் மட்டத்தைப் பார்த்துவர வேண்டும். தோளில் மாட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரங்களுள் ஒன்றாகிய ஹோண்டா ஜி.எக்ஸ்.35 என்ஜின் கொள்வது சுமார் 100 மில்லிலிட்டர் எண்ணெயே. இவ்வளவு சிறிய அளவில் கால்வாசி குறைந்தாலும் ஆபத்து. முதல் 10 மணி வேலைக்குப் பின் ஒரு முறையும், அதன்பின் 50 மணிக்கு ஒரு முறையும் இதன் எண்ணெயை மாற்றவேண்டும் என்பது விதி.

மாற்றி எடுத்த கறுப்பு எண்ணெயைத் தென்னையடியில் கொட்டுவது பெருந்தவறு. கடலோரத்து மணல் எதையும் தடுத்து நிறுத்தாது. கொட்டியது குடிநீர்க் கிணற்றை நாடிப்போகும். சட்டமும் பழைய எண்ணெயை அபாயகரமான கழிவாகவே கருதுகிறது. அதை டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

“பம்ப் செட் ஆயில் என்ஜினுக்கு எந்த எண்ணெயை ஊற்றினாலும் இருபது வருஷம் ஓடிற்றே!” என்று முதியோர் சிலர் ஆட்சேபிக்கலாம். அந்த என்ஜின் கனமானது, பெரும்பாலும் தண்ணீரால் குளிர்ந்தது, நிமிஷத்துக்கு 1500 சுற்றோ அதற்கும் குறைவாகவோ சுற்றியது, பிழையைப் பொறுத்துக்கொண்டது. தோளில் மாட்டும் யந்திரமோ நிமிஷத்துக்கு 7,000 சுற்றும் அதற்கு மேலும் சுற்றுகிறது. கிழட்டு வண்டி மாட்டுக்கும் பந்தயக் குதிரைக்கும் ஒரே தீனி போதும் என்று எவரும் வாதிப்பதில்லை. விலையைக் காட்டி ஆட்சேபிப்பதும் செல்லாது. நல்ல எண்ணெய்க்கும் மட்டமான எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் லிட்டர் பெட்ரோலுக்குச் சில ரூபாயே. பிடித்துக்கொண்ட பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்றும் செலவோ, வரவில்லாத தோப்புக்காரரைக் கடனாளியாக்கும்.

இவ்விஷயத்தில் குற்றம் முழுவதையும் குடியானவர் மேல் சுமத்துவது நியாயமன்று. மானியத்தோடு வழங்கும் ஒவ்வொரு யந்திரத்திலும், டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா, எந்தக் குறியுள்ள எண்ணெய், லிட்டருக்கு எத்தனை மில்லிலிட்டர் என்ற மூன்றையும் தமிழில் பொறித்த ஒரு தகடு இருத்தல் வேண்டும். யந்திரத்தோடு அளவு கீறிய பாத்திரம் ஒன்றும் சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் உரத்தோடு இவ்விரு வகை எண்ணெய்களும் விற்பனைக்கு இருக்குமானால், கடலோரக் கடையை நம்பவேண்டிய அவசியம் நீங்கும். புல் மண்டும் ஐப்பசிக்கு முன்பாக, கிராமந்தோறும் அரைநாள் செய்கைப் போதனை நடத்துவதும் துறைக்குப் பெரிய பாரமாகாது.

புயலில் மரத்தை இழந்தவருக்கு அதைத் தடுக்கும் வழி இல்லை. எண்ணெய்ப் பிழையால் யந்திரத்தை இழப்பது அப்படிப்பட்டதன்று. ஒரு தகடும், ஓர் அளவுப் பாத்திரமும், அரைநாள் போதனையும் அதைத் தடுத்துவிடும். அதுவரையில், கடைக்குப் போகும் குடியானவர் எண்ணெயின் நிறத்தையும் விலையையும் பாராமல், குப்பியிலுள்ள குறியைத் தம் யந்திரத்தின் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து வாங்குவாராக.